சென்னையிலிருந்து ஒரு ராத்திரி டென்ட் வாசம்: இடத்தை எப்படி முடிவு செய்வது?

கேள்வி: நாங்கள் அம்பத்தூரில் இருக்கிறோம். நான், கணவர், பத்து வயது மகள், ஆறு வயது மகன், கூடவே அறுபத்தெட்டு வயது மாமியார். டென்ட்டில் தங்க வேண்டும் என்று பிள்ளைகள் பல மாதங்களாகக் கேட்கிறார்கள். சனிக்கிழமை போய் ஞாயிறு திரும்ப வேண்டும். கார் இருக்கிறது, சொந்தமாக டென்ட் இல்லை. ஏலகிரி, ஜவ்வாது மலை, ஈசிஆர் கடற்கரை என்று போனில் விளம்பரங்கள் வந்துகொண்டே இருக்கின்றன. எல்லாப் படங்களும் ஒரே மாதிரி இருக்கின்றன. எதை வைத்து ஓர் இடத்தை முடிவு செய்வது?

பதில்: அந்தப் படங்களில் பெரும்பாலானவை சூரியன் சாயும் நேரத்தில் எடுத்தவை. அதனால்தான் ஒரே மாதிரி தெரிகின்றன. ஆனால் டிசம்பர், ஜனவரியில் ஆறு மணிக்கே இருட்டத் தொடங்கும், மறுநாள் ஆறரைக்குத்தான் விடியும். நீங்கள் அங்கே இருக்கப்போகும் நேரத்தில் பாதிக்கு மேல் ராத்திரி. அந்த இருட்டில் உங்கள் மாமியார் கழிவறைக்கு எப்படி நடந்து போவார், மழை வந்தால் தண்ணீர் எந்தப் பக்கம் ஓடும், மகனுக்கு வயிறு வலித்தால் யாரை எழுப்புவீர்கள்? இந்த மூன்றுக்கும் தெளிவான பதில் கிடைக்கும் இடத்தை எடுங்கள். காட்சியை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்.

முதலில் தூரம். ஒரே ஒரு ராத்திரிக்கு, அதுவும் ஆறு வயதுப் பிள்ளையோடும் பெரியவரோடும் போகும்போது, ஒரு வழிக்கு நான்கு மணி நேரம், கூடிப்போனால் ஐந்து. அதற்கு மேல் வேண்டாம். கிலோமீட்டரைப் பார்க்காதீர்கள், மணியைப் பாருங்கள். சனிக்கிழமை காலையில் பூந்தமல்லியும் ஸ்ரீபெரும்புதூரும் தாண்டுவதற்கே பொறுமை வேண்டும். ஐந்தரைக்குக் கிளம்பினால் அந்தத் தொல்லை பாதியாகும். எங்கே போனாலும் மாலை மூன்று மணிக்குள் போய்ச் சேர்வதுபோல் கணக்குப் போடுங்கள். தரையையும் கழிவறையையும் பாதையையும் பகல் வெளிச்சத்தில் பார்த்தால்தான், சரியில்லை என்றால் ஒரு லாட்ஜ் அறைக்கு மாற நேரம் இருக்கும்.

உங்கள் குடும்பத்துக்கு என் முதல் தேர்வு ஏலகிரி. சென்னையிலிருந்து சுமார் 230 கிலோமீட்டர். கடல் மட்டத்துக்கு மேல் ஆயிரம் மீட்டரைத் தாண்டிய உயரம் என்பதால் சமவெளியைவிட ஆறேழு டிகிரி குளிராக இருக்கும். ஊட்டி அளவுக்குக் குளிரை எதிர்பார்க்க வேண்டாம், ஆனால் ஜனவரி ராத்திரிக்கு எல்லோருக்கும் ஸ்வெட்டரும் காலுறையும் வேண்டும். மலை ஏறும் சாலையில் 14 கொண்டை ஊசி வளைவுகள். அவற்றுக்குத் தமிழ்ப் புலவர்கள், வள்ளல்களின் பெயர்களை வைத்திருக்கிறார்கள். ஒவ்வொரு பெயர்ப் பலகையையும் மகளைச் சத்தமாகப் படிக்கச் சொல்லுங்கள். கண் வெளியே இருந்தால் வாந்தி வருவது குறையும். ஏலகிரியை நான் சொல்வதற்கு உண்மையான காரணம், அது மக்கள் வாழும் மேட்டு நிலம். மேலே சின்னச் சின்ன கிராமங்கள், தோட்டங்கள், கடைகள், நல்ல சாலை எல்லாம் உண்டு. டென்ட் போடும் இடங்களும் பெரும்பாலும் தனியார் தோட்டத்திலேயே இருக்கும். கார் கிடைக்காமல் போனாலும் பரவாயில்லை, காலையில் பெங்களூர் பக்கம் போகும் ரயிலில் ஜோலார்பேட்டையில் இறங்கி மேலே போய்விடலாம்.

ஜவ்வாது மலை அழகில் ஒரு படி மேல். ஜமுனாமரத்தூர் பக்கம் சாமை விளையும் சரிவுகள், பலா மரங்கள், தேன், பீமன் மடவு அருவி என்று பார்க்க நிறைய இருக்கிறது. இந்திய வான் இயற்பியல் நிறுவனத்தின் வைணு பாப்பு வானாய்வகம் இந்த மலைத்தொடரில் உள்ள காவலூரில்தான் இருக்கிறது. 2.34 மீட்டர் தொலைநோக்கியை அங்கே நிறுவியதற்கு முக்கியமான காரணம் இருண்ட வானம். அமாவாசையை ஒட்டிய வார இறுதியில் அங்கே வானத்தைப் பார்க்கும் பிள்ளை அதை மறக்காது. ஆனால் ஊர்கள் தள்ளித் தள்ளி இருக்கும், செல்போன் சிக்னல் விட்டு விட்டு வரும், பெரிய மருத்துவமனைக்குப் போக மலை இறங்க வேண்டும். பிள்ளைகளுக்கு டென்ட் பழகட்டும், இரண்டாவது முறை போகலாம்.

கடற்கரை என்றால் அம்பத்தூரிலிருந்து வெளிவட்டச் சாலை பிடித்து வண்டலூர் போய் மாமல்லபுரம் பக்கம் திரும்புவது சுலபம். அங்கே போனால் மணலில் டென்ட் போடும் இடத்தைத் தவிர்த்துவிட்டு, கரையிலிருந்து உள்ளே தள்ளியிருக்கும் சவுக்குத் தோப்பையோ சுற்றுச்சுவர் உள்ள தோட்டத்தையோ எடுங்கள். காற்று தாங்கும், ராத்திரி யாரும் எட்டிப் பார்க்க மாட்டார்கள். வங்கக் கடலின் இந்தக் கரையில் இழுப்பு பலமாக இருக்கும். இருட்டிய பிறகு கணுக்கால் தண்ணீரில்கூடப் பிள்ளைகளை விடாதீர்கள். ஜனவரி முதல் மார்ச் வரை பங்குனி ஆமைகள் இந்தக் கரையில்தான் முட்டையிட வருகின்றன. கரையில் விளக்கு எரிந்தால் தாய் ஆமை கரையேறத் தயங்கும், குஞ்சுகள் கடலை விட்டு வெளிச்சத்தை நோக்கி ஊர்ந்து போய்ச் சாகும். கரையிலேயே அலங்கார விளக்கு கட்டி, பாட்டுப் போடும் இடங்களைத் தயவுசெய்து ஆதரிக்காதீர்கள்.

ஆந்திர எல்லையில் உள்ள தடா, நாகலாபுரம் இரண்டும் சென்னைக்குப் பக்கத்தில்தான் இருக்கின்றன, ஆனால் உங்களுக்கு அவை வேண்டாம். பாறையும் ஆழமான சுனையும் கொண்ட காட்டுப் பாதைகள் அவை.

இனி நிலம் யாருடையது என்ற கேள்வி. இதை யாரும் கேட்பதில்லை, ஆனால் முதலில் கேட்க வேண்டியது இதுதான். "காட்டுக்குள்ளே டென்ட், மலை உச்சியில் கேம்ப்ஃபயர்" என்று ஒருவர் விளம்பரம் செய்தால் அங்கேயே நிறுத்திவிடுங்கள். காப்புக்காட்டில் வனத்துறை அனுமதி இல்லாமல் நுழைவதும் நெருப்பு மூட்டுவதும் குற்றம். பிடிபட்டால் அபராதம் உங்கள் தலையிலும் விழும். 2018 மார்ச்சில் தேனி மாவட்டம் குரங்கணியில் காட்டுத்தீயில் சிக்கி இருபதுக்கும் மேற்பட்டவர்கள் உயிரிழந்தார்கள். சென்னையிலிருந்து மலையேறப் போனவர்களும் அதில் இருந்தார்கள். அதற்குப் பிறகுதான் மலையேற்றத்துக்கென்று தமிழ்நாட்டில் தனி விதிகள் வந்தன. 2024 அக்டோபரில் வனத்துறை 40 பாதைகளுக்கு இணையத்திலேயே பதிவு செய்யும் ஏற்பாட்டைத் தொடங்கியது. காட்டில் நடக்க ஆசை இருந்தால் அதில் பதிந்து, வழிகாட்டியோடு பகலில் நடந்துவிட்டு வாருங்கள். தூங்குவது பட்டா நிலத்தில் இருக்கட்டும்.

பட்டா நிலமாக இருந்தால் மட்டும் போதாது, காட்டின் விளிம்பை ஒட்டியிருந்தால் அதுவும் ஆபத்துதான். 2021 ஜனவரியில் வயநாட்டின் மேப்பாடியில் ஒரு தனியார் தங்குமிடத்தில் டென்ட்டில் தங்கியிருந்த பெண் யானை தாக்கி இறந்துபோனார். நம் வட மாவட்ட மலைகளில் யானையைவிடக் கரடியைத்தான் அதிகம் யோசிக்க வேண்டும். பழுத்த பலாவும் திறந்து கிடக்கும் சாப்பாட்டு மிச்சமும் அதை இழுக்கும். அதனால் கூகுள் மேப்பில் செயற்கைக்கோள் படத்தைப் போட்டு, கேம்ப் இருக்கும் புள்ளியைப் பாருங்கள். சுற்றிலும் வயலும் வீடுகளும் தெரிந்தால் நல்லது. ஒரு பக்கம் முழுக்க அடர்ந்த பச்சையாக இருந்தால் வேறு இடம் தேடுங்கள்.

அதே படத்தில் தண்ணீரையும் பாருங்கள். ஓடைக்கரையில் டென்ட் என்றால் கேட்க இனிமையாக இருக்கும். மலையில் மேலே எங்கோ பெய்த மழை, உங்கள் தலைக்கு மேல் நட்சத்திரம் தெரியும்போதே ஓடையில் வந்து இறங்கும். காய்ந்து கிடக்கும் ஓடையும் ஓடைதான். தண்ணீருக்கு அறுபது மீட்டராவது தள்ளி, கொஞ்சம் மேடான, லேசான சரிவுள்ள இடம் வேண்டும். பள்ளத்தில் ராத்திரிக் குளிர் காற்று வந்து தேங்கும், விடியும்போது டென்ட்டின் உள்பக்கம் நனைந்து சொட்டும். உச்சி மேட்டில் காற்றும் இடியும். தென்னைக்கு அடியிலோ காய்ந்த கிளை தொங்கும் மரத்துக்கு அடியிலோ டென்ட் போட்டிருந்தால், மாற்றிப் போடச் சொல்லிக் கேளுங்கள். இதில் கூச்சப்பட ஒன்றுமில்லை. இடி இடித்தால் டென்ட் காப்பாற்றாது, எல்லோரும் காருக்குள் போய்க் கதவை மூடி உட்காருங்கள்.

பதிவு செய்வதற்கு முன்னால் போனில் பேசுங்கள், வாட்ஸ்அப் செய்தியோடு நிறுத்த வேண்டாம். ராத்திரி முழுக்க அங்கே தங்கப்போவது யார், அவர் அந்த ஊர்க்காரரா என்று கேளுங்கள். உள்ளூர் குடும்பம் ஒன்று அதே தோட்டத்தில் குடியிருக்கும் இடம்தான் எனக்கு எப்போதும் பிடித்த இடம். எட்டு மணிக்குச் சாப்பாடு கொடுத்துவிட்டுப் பையன்கள் பைக்கில் கிளம்பிவிடும் இடங்கள் இருக்கின்றன. எத்தனை டென்ட்டுக்கு எத்தனை கழிவறை, அது வெஸ்டர்னா, டென்ட்டிலிருந்து எத்தனை அடி, வழியில் விளக்கு உண்டா, கதவுக்கு உள்தாழ்ப்பாள் இருக்கிறதா என்று ஒவ்வொன்றாகக் கேளுங்கள். அன்றைக்கு வேறு யார் பதிந்திருக்கிறார்கள், பாட்டும் குடியும் எத்தனை மணி வரை அனுமதி என்பதையும் கேளுங்கள். "அதெல்லாம் பிரச்சினை இல்லை மேடம்" என்பது பதில் ஆகாது. பத்து மணிக்கு ஸ்பீக்கரை அணைத்துவிடுவோம் என்று நேரம் சொன்னால் அது பதில். கழிவறையையும் பாதையையும் இன்றைக்கே படம் எடுத்து அனுப்பச் சொல்லுங்கள். உடனே அனுப்புகிறவரை நம்பலாம். மூன்று பேர் டென்ட் என்று எழுதியிருந்தால் இரண்டு பேர்தான் நிம்மதியாகப் படுக்க முடியும் என்பதால், உங்கள் நால்வருக்கு இரண்டு டென்ட்டாவது வேண்டும். மாமியாருக்கு அதே வளாகத்தில் கட்டிலோடு ஓர் அறை. தரையிலிருந்து எழுவதுதான் அந்த வயதில் கஷ்டம், குளிரைக்கூடப் போர்வையால் சமாளிக்கலாம்.

பாம்பைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை, மனதில் இருக்கும் என்பதால் சொல்கிறேன். டென்ட்டைப் பொறுத்தவரை கவனிக்க வேண்டியது கட்டுவிரியன். ராத்திரியில் நடமாடும், தரையில் படுத்திருப்பவர்களின் படுக்கைக்குள் நுழையும், கடித்தது தெரியாமலே போகலாம். அடிப்பக்கம் முழுதாகத் தைத்த, ஜிப் நன்றாக மூடும் டென்ட் இதற்குப் போதுமான பாதுகாப்பு. உள்ளே போனதும் வெளியே வந்ததும் ஜிப்பை மூடுவதைப் பிள்ளைகளுக்கு விளையாட்டுப்போலப் பழக்குங்கள். செருப்பை உதறிவிட்டுப் போடுங்கள், டார்ச் இல்லாமல் ஓர் அடியும் வைக்காதீர்கள். நட்சத்திரம் பார்த்துக்கொண்டே வெளியில் பாய் போட்டுத் தூங்கிவிட வேண்டாம். விடியற்காலையில் யாருக்காவது காரணமில்லாமல் வயிற்று வலி வந்தாலோ, கண் இமை சரிந்து மூடினாலோ, காயம் தெரியவில்லை என்று காத்திருக்காமல் மருத்துவமனைக்குப் போங்கள். கட்டுப் போடுவது, கீறுவது, உறிஞ்சுவது எதுவும் கூடாது. கடிபட்ட கையையோ காலையோ அசைக்காமல், 108-ஐக் கூப்பிட்டுக்கொண்டே கிளம்புங்கள். நாட்டில் விஷமுறிவு மருந்து செய்யத் தேவைப்படும் விஷத்தில் பெரும்பகுதியை எடுத்துக் கொடுப்பவர்கள் மாமல்லபுரம் சாலையில் வடநெம்மேலியில் இருக்கும் இருளர் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கத்தினர். 1978-இல் தொடங்கிய சங்கம் அது. கடற்கரைப் பக்கம் போனால் பிள்ளைகளை அங்கே கூட்டிப் போய்க் காட்டுங்கள்.

பாம்பைவிட அதிகம் பார்க்கக்கூடியது ஸ்க்ரப் டைபஸ் என்ற உண்ணிக் காய்ச்சல். வேலூர், திருப்பத்தூர், திருவண்ணாமலைப் பக்கம் மழைக்காலத்திலும் குளிர்காலத்திலும் இது உண்டு. புதரிலும் புல்லிலும் இருக்கும், கண்ணுக்குத் தெரியாத அளவு சின்னப் பூச்சி கடித்து வருவது. முழுக்கால் பேன்ட், காலுறை, பூச்சி விரட்டும் களிம்பு இவை போதும். புல்லில் நேராக உட்கார வேண்டாம், திரும்பி வந்ததும் குளித்துவிட்டு உடைகளைத் துவைக்கப் போடுங்கள். காய்ச்சல் உடனே வராது, ஒரு வாரம் பத்து நாள் கழித்து, சில சமயம் மூன்று வாரம் கழித்துகூட வரும். அதற்குள் எல்லோரும் பயணத்தை மறந்திருப்பார்கள். அப்படிக் காய்ச்சல் வந்தால் மருத்துவரிடம் "மலையில் டென்ட்டில் தங்கினோம்" என்று நீங்களே சொல்லுங்கள். அக்குள், இடுப்பு மடிப்பில் சிகரெட் சுட்டதுபோல் கருப்புப் பொருக்கு இருக்கிறதா என்றும் பாருங்கள். சீக்கிரம் கண்டுபிடித்தால் சாதாரண மாத்திரையிலேயே குணமாகிவிடும், தாமதித்தால்தான் ஆபத்து.

மாதம் சொல்ல வேண்டுமென்றால், டிசம்பர் கடைசியிலிருந்து பிப்ரவரி நடுப்பகுதி வரை. அதற்கு முன் வடகிழக்குப் பருவமழை. பிப்ரவரி நடுவுக்குப் பிறகு புல் காய்ந்து காட்டுத்தீக் காலம் தொடங்கும். ஏப்ரல், மே மாதங்களில் மாலையில் திடீரென்று இடிமழை வரும். பொங்கல் விடுமுறையையும் புத்தாண்டையும் விட்டுவிடுங்கள், கூட்டம் தாங்காது. மழை எச்சரிக்கை வந்தால் பணம் திரும்பக் கிடைக்குமா, தேதி மாற்றித் தருவார்களா என்பதைப் பணம் கட்டும் முன்பே எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். குளிருக்காக டென்ட்டுக்குள் கரி அடுப்பு வைத்துத் தருகிறோம் என்றால் வேண்டவே வேண்டாம். அந்தப் புகையில் வாசனையே இல்லாத நச்சு வாயு இருக்கிறது, தூக்கத்திலேயே உயிரைக் குடித்துவிடும்.

கிளம்புவதற்கு ஒரு வாரம் முன்னால் யாரிடமாவது டென்ட் கேட்டு வாங்கி, மொட்டைமாடியில் ஒரு ராத்திரி பிள்ளைகளோடு படுத்துப் பாருங்கள். யாருக்கு முதுகு வலிக்கிறது, யார் ராத்திரியில் எத்தனை முறை எழுகிறார்கள், எத்தனை போர்வை வேண்டும் எல்லாம் அங்கேயே தெரிந்துவிடும். சின்னவன் நடுராத்திரி எழுந்து கீழே போகலாம் என்று அழுதால், பாட்டிக்கு எடுக்கும் அறையைக் கொஞ்சம் பெரியதாக எடுங்கள்.