வலி மாத்திரை மூட்டு ஜவ்வைக் கரைத்துவிடுமா?

கேள்வி: எனக்கு வயது 58. முழங்கால் தேய்மானத்துக்கு இரண்டு வருடமாக அநேகமாகத் தினமும் டைக்ளோஃபினாக் போடுகிறேன். பிரஷர் மாத்திரையும் உண்டு. 'வலி மாத்திரை ஜவ்வைக் கரைத்துவிடும்' என்று சொல்லி, தெரிந்தவர் ஒருவர் மூட்டுப் பொடி கொடுத்திருக்கிறார். மாறிவிடலாமா?

பதில்: பொடியைத் தொடாதீர்கள். டைக்ளோஃபினாக்கைத் தினமும் விழுங்குவதையும் விடத்தான் வேண்டும். ஆனால் அது ஜவ்வுக்காக இல்லை, உங்கள் வயிறு, சிறுநீரகம், இதயத்துக்காக. பிரஷர் உள்ளவர் இரண்டு வருடம் இப்படிச் சாப்பிட்டிருக்கிறீர்கள். சிறுநீரகம் எப்படி வேலை செய்கிறது என்று காட்டும் கிரியேட்டினின் இரத்தப் பரிசோதனைக்கு யாரும் எழுதித் தரவில்லையா? பழைய சீட்டையே நீட்டி மாத்திரை வாங்க முடிகிறதே, அந்த ஏற்பாட்டைத்தான் முதலில் குறை சொல்வேன்.

ஜவ்வுக்கு, அதாவது குருத்தெலும்புக்கு, இரத்தக் குழாய் கிடையாது. அதில் செல்கள் 5 சதவீதம்கூட இருக்காது. நடக்கும்போது மூட்டு அழுந்தி விடுபட, மூட்டு நீரிலிருந்துதான் அவற்றுக்குச் சத்து போகிறது. அழற்சி வந்துவிட்டால் இந்தச் செல்களே தம்மைச் சுற்றியுள்ள குருத்தெலும்பை அரிக்கும் நொதிகளைச் சுரக்க ஆரம்பிக்கும். வலி மாத்திரை புரோஸ்டாகிளாண்டின் என்ற பொருளைக் குறைத்து வலியைத் தணிக்கிறது. தேய்ந்ததை அது வளர்க்காது. ஜவ்வைக் கரைக்கும் என்பதும் பொதுவாகச் சரியில்லை. ஆய்வகத்தில் சில மருந்துகளை அதிக அளவில் சேர்த்தபோது செல்களின் உற்பத்தி குறைந்தது உண்மை. இண்டோமெதாசின் என்ற வலி மாத்திரை மட்டும் மனிதரிடமும் சந்தேகத்துக்கு இடம் தந்தது: 1995-ல் வெளியான ஆய்வில், அதைச் சாப்பிட்டவர்களின் முழங்கால் எலும்புகளுக்கு நடுவே உள்ள இடைவெளி (ஜவ்வு தேய்ந்தால் இது சுருங்கும்), மருந்தில்லாத மாத்திரை சாப்பிட்டவர்களைவிட அதிகமாகக் குறைந்திருந்தது. அந்த ஒன்றை எல்லா மாத்திரையின் தலையிலும் கட்டித்தான் பொடி விற்கிறார்கள்.

லேபிள் இல்லாத அந்த டப்பாக்களில் ஸ்டீராய்டு கலப்பது எங்களுக்குப் புதிதல்ல. மூன்றே நாளில் வலி பறந்துவிடும். சில மாதத்தில் முகம் உப்பி வட்டமாகும், லேசாக இடித்தாலே தோல் கன்றிப்போகும், சர்க்கரை ஏறும். ஏற்கெனவே சில வாரம் சாப்பிட்டிருந்தால் சட்டென்று நிறுத்தாதீர்கள். டப்பாவோடு மருத்துவரிடம் போங்கள்.

ஒன்றை அழுத்திச் சொல்கிறேன். இதயத்துக்காகத் தினமும் 75 மில்லிகிராம் ஆஸ்பிரின் போடுபவர்கள், அதுவும் வலி மாத்திரை இனம்தானே என்று நிறுத்திவிடக் கூடாது. அந்தச் சின்ன அளவு மூட்டுக்கானதே அல்ல. இரத்தம் உறையாமல் காக்கிறது. ஸ்டென்ட் வைத்தவர் நிறுத்தினால் மாரடைப்பு வரலாம். கூடவே இப்யூபுரூஃபன் என்ற வலி மாத்திரையைப் போட்டால் ஆஸ்பிரின் வேலை செய்யாமல் போகலாம். மருத்துவரைக் கேட்காமல் இரண்டையும் சேர்க்காதீர்கள்.

உங்களுக்கு முதலில் டைக்ளோஃபினாக் ஜெல். முழங்காலில் தடவினால் இரத்தத்தில் சேருவது மிகக் குறைவு. பிறகு தொடைக்கு வேலை: நாற்காலியில் உட்கார்ந்து காலை நேராக நீட்டி, தொடையை இறுக்கி, பத்து எண்ணி இறக்குங்கள். ஒரு காலுக்குப் பத்து முறை, காலையும் மாலையும். இதைச் செய்துகாட்ட ஐந்து நிமிடம் போதும். அந்த ஐந்து நிமிடம்தான் எந்த கிளினிக்கிலும் கிடைப்பதில்லை.