லமலேரா: கடலில் பிடித்ததை மலையில் மக்காச்சோளமாக்கும் ஊர்

கேள்வி: பாலி, ஜகார்த்தா தவிர, வெளியில் அதிகம் தெரியாத இந்தோனேசியத் தீவுக் கிராமம் ஒன்றைப் பற்றிச் சொல்ல முடியுமா? அங்கே மக்கள் எப்படி வாழ்கிறார்கள்? போய்ப் பார்க்கலாமா?

நான் சொல்லும் ஊர் லமலேரா. லெம்பாட்டா தீவின் தென்கரையில், சவூ கடலைப் பார்த்தபடி பாறைச் சரிவில் தொற்றிக்கொண்டிருக்கும் மீனவக் கிராமம். இந்தப் பெயரை அறிந்த சிலரும் பெரும்பாலும் ஒரே ஒரு புகைப்படத்தின் வழியாகத்தான் அறிந்திருப்பார்கள். நீண்ட மூங்கில் ஈட்டியைப் பிடித்தபடி ஒருவர் படகின் முனையிலிருந்து திமிங்கிலத்தின் மீது பாயும் படம் அது. படம் உண்மைதான். ஆனால் ஊரைப் புரிந்துகொள்ள அது போதாது. பிடித்த திமிங்கிலம் யார் யார் வீட்டுக்குப் போகிறது, அங்கிருந்து எந்த மலைக்கு ஏறுகிறது, பதிலுக்கு என்ன இறங்கி வருகிறது என்று பார்த்தால்தான் லமலேரா பிடிபடும். கரையில் தொடங்கும் அந்த மறுபாதி வேலையைச் செய்பவர்கள் பெண்கள். அவர்களை யாரும் படம் எடுப்பதில்லை என்பது எனக்கு உள்ளபடியே வருத்தம்.

ஜாவா தீவின் சுரபாயா நகரில் ஒரு நூற்பாலையில் வேலை பார்த்த காலத்தில், உடன் வேலை செய்த லெம்பாட்டாக்காரர் ஒருவர் அழைத்ததால் அங்கே போனேன். அவருடைய சித்தி வீட்டில் தங்க இடம் கொடுத்தார்கள். கீழே சொல்வதில் கண்ணால் பார்த்ததும் உண்டு, பிறகு தேடிப் படித்ததும் உண்டு.

முதலில் இடத்தைச் சொல்லிவிடுகிறேன். பாலியிலிருந்து கிழக்கே வரைபடத்தில் விரலை நகர்த்தினால் லொம்போக், சும்பாவா, அதன்பின் நீளமான ஃபுளோரஸ் தீவு. ஃபுளோரஸ் முடியும் இடத்தில் லாரந்துக்கா என்ற துறைமுக ஊர். அதற்கு எதிரே அடோனாரா, சோலோர், லெம்பாட்டா என்று மூன்று தீவுகள். கிழக்கு ஃபுளோரஸும் இந்த மூன்று தீவுகளின் பெரும்பகுதியும் சேர்ந்ததுதான் லமஹோலோத் மக்களின் நாடு. திமோர் தீவின் சந்தன மரத்துக்காக 1566-இல் போர்த்துக்கீசியர்கள் சோலோரில் கோட்டை கட்டினார்கள். அன்று வந்த கத்தோலிக்கம் இந்தப் பக்கம் வேர் பிடித்தது. லமலேராவும் கத்தோலிக்க ஊர்தான். ஆனால் சோலோரில் இதேபோல் பெரிய கடல் விலங்குகளை வேட்டையாடும் லமக்கேரா முஸ்லிம்களின் ஊர்.

நிர்வாகப்படி இது கிழக்கு நூசா தெங்காரா மாகாணம். 1999-இல் லெம்பாட்டா தனி மாவட்டமானது. தலைநகர் வடகரையில் உள்ள லெவோலெபா. நெருப்பு மலைகளின் பூமி இது. 1979 ஜூலையில் தெற்கே வைத்தெபா பகுதியில் மலைச்சரிவு கடலில் விழுந்து எழுப்பிய அலை நூற்றுக்கணக்கானவர்களைக் கொண்டுபோனது. 2020 நவம்பரில் வடக்கே லெவோதோலோக் எரிமலை பெரிதாக வெடித்தது. அடுத்த ஏப்ரலிலேயே செரோஜா புயல் வந்து அதே மலையடிவார ஊர்கள் சிலவற்றைச் சேற்றுக்குள் புதைத்தது.

இந்தோனேசியா என்றால் நம் மனத்தில் வரும் பச்சை நெல்வயல் இங்கே கிடையாது. மழை ஆண்டில் சில மாதம்தான். மற்ற நாட்களில் காய்ந்த புல்லும் கருங்கல்லும். நம் பனைமரம், அதே இனம், அங்கும் நிற்கிறது. அதில் பாளை சீவிக் கள் இறக்குகிறார்கள். குருத்தோலையில் புகையிலையைச் சுருட்டிப் புகைக்கிறார்கள். மாலையில் பெரியவர்கள் வட்டமாக உட்கார்ந்து ஒரே குவளையைச் சுற்றுக்கு விட்டுக் கள் குடிப்பதைப் பார்த்தபோது என் பிறந்த ஊரின் பனங்காடு நினைவுக்கு வந்தது.

இனி லமலேராவுக்கே வருகிறேன். இந்த ஊர்க்காரர்களின் மரபுக் கதையின்படி அவர்கள் வந்தேறிகள். சுலவேசிப் பக்கமிருந்து கிளம்பி, இடையில் லப்பான் பத்தான் என்ற தீவில் குடியிருந்து, அந்தத் தீவைக் கடல் விழுங்கியதால் தப்பி இங்கே கரையேறினார்கள். ஏற்கெனவே இங்கே இருந்த குடிகள் தங்க இடம் கொடுத்தார்கள். விளைநிலத்துக்கு உரிமை அந்த மூத்த குடிகளுக்கே இருந்தது. வந்தவர்களுக்குக் கிடைத்தது பாறையும் கடற்கரையும். ஆகவே கடலை நம்பினார்கள். 1624-ஆம் ஆண்டைச் சேர்ந்த ஒரு போர்த்துக்கீசிய ஆவணம் இந்தத் தீவுகளின் திமிங்கில வேட்டையைக் குறிப்பிடுகிறது என்றால், வழக்கம் எவ்வளவு பழையது என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

வேட்டையைச் சுருக்கமாகச் சொல்கிறேன். மே முதல் அக்டோபர் வரை பருவம். பருவம் தொடங்குமுன் மூத்த குடியினர் மலைமேல் திமிங்கில வடிவக் கல்லொன்றின் முன் சடங்கு செய்து திமிங்கிலங்களை அழைக்கிறார்கள். மே 1 அன்று கடற்கரையில் பாதிரியார் திருப்பலி நடத்திப் படகுகளை மந்திரிக்கிறார். இரண்டும் ஒன்றையொன்று இடித்துக்கொள்ளாமல் நடக்கின்றன. கடலில் நீர் பீய்ச்சுவதை யாராவது கண்டால் "பலெயோ!" என்று கூவுவார்கள். அந்தக் கூவல் வாய்க்கு வாய் தாவி மேலூர் வரை போகும். தெனா என்ற அந்தப் படகுகளில் இரும்பு ஆணி கிடையாது. முதலில் பலகைகளை மரமுளையால் ஒன்றோடொன்று சேர்த்து உடலைக் கட்டி, அதன் பிறகுதான் உள்ளே விலாச் சட்டங்களைக் கயிற்றால் இழுத்துக் கட்டுகிறார்கள். பலகை உளுத்தால் அதே அளவில், அதே இடத்தில் வேறு பலகை. படகின் பெயர் மட்டும் பாட்டன் காலத்துப் பெயராகவே நிற்கும். முனையில் நீட்டிய மூங்கில் மேடையில் நிற்கும் ஈட்டிக்காரர் லமஃபா. எறிந்தால் முனை தோலில் இறங்காது. ஆகவே தன் முழு உடல் எடையையும் ஈட்டியோடு சேர்த்துப் பாய்கிறார்.

அவர்கள் தேடுவது பல்லுள்ள ஸ்பெர்ம் திமிங்கிலத்தை. நீலத் திமிங்கிலம் போன்ற பல்லில்லாத வகைகளைத் தொடுவதில்லை. முன்னோரில் ஒருவரைக் கடலில் காப்பாற்றிய இனம் அது என்று நம்புகிறார்கள். இன்னொரு நம்பிக்கையும் உண்டு. ஆண்கள் கடலில் இருக்கும்போது வீட்டில் சண்டை இருந்தால் ஈட்டி தவறும், கயிறு ஆளைச் சுற்றும். ஆகவே பருவத்துக்கு முன்பே பகைகளைப் பேசித் தீர்த்துவிட வேண்டும்.

இப்போது பங்கீடு. கரைக்கு வந்த திமிங்கிலத்தை இஷ்டப்படி வெட்டுவதில்லை. உடம்பின் எந்தப் பகுதி யாருக்கு என்று தலைமுறை தலைமுறையாக விதி இருக்கிறது. படகுக்கு உரிமையுள்ள குலத்துக்கு, துடுப்புப் போட்டவர்களுக்கு, படகு கட்டிய தச்சருக்கு, ஈட்டிமுனை அடித்த கொல்லருக்கு, நிலத்தின் மூத்த குடிகளுக்கு என்று தனித்தனிக் கூறுகள். ஒவ்வொருவரும் தன் பங்கை மறுபடி உறவுக்குள் பிரிக்கிறார். கடைசியில் கடலுக்கு அனுப்ப ஆண் துணை இல்லாத கைம்பெண் வீட்டுக்கும் ஒரு துண்டு வந்துசேர்கிறது. அது தானமாக வரவில்லை, பாத்தியதையாக வருகிறது. வாங்கும்போது அவர் தலை குனிய வேண்டியதில்லை. எனக்கு இந்த ஊரின்மேல் மரியாதை வந்தது இந்த ஒன்றால்தான்.

இறைச்சியைப் பட்டை பட்டையாக அறுத்து மூங்கில் கொடிகளில் வெயிலில் தொங்கவிடுகிறார்கள். கொழுப்புப் பட்டையிலிருந்து எண்ணெய் சொட்டுச் சொட்டாக வடியும். அடியில் பாத்திரம் வைத்துப் பிடிக்கிறார்கள். விளக்குக்கு, சமையலுக்கு, மருந்துக்கு என எல்லாவற்றுக்கும் அதுதான் பயன்பட்டது. நான் போனபோது நண்பரின் சித்தி வீட்டு முற்றத்தில் அந்தப் பட்டைகள் கருத்துச் சுருங்கிக் காய்ந்துகொண்டிருந்தன. அந்த வாடை உடுப்பில் ஏறினால் லேசில் போகாது.

சனிக்கிழமை விடியுமுன் அவர் ஒரு அலுமினியத் தாம்பாளத்தில் அந்த இறைச்சிக் கருவாட்டை அடுக்கித் தலையில் வைத்து உலந்தோனிச் சந்தைக்குக் கிளம்பினார். அதே கரையில் கிழக்கே இருக்கும் ஊர் அது. நானும் கூடவே நடந்தேன். கரைக்காரர்கள் கருவாடும் உப்பும் பவளத்தைச் சுட்டுச் செய்த சுண்ணாம்பும் கொண்டுவருகிறார்கள். மலைக்காரர்கள் மக்காச்சோளம், மரவள்ளி, வாழைப்பழம், காய்கறி, வெற்றிலை, பாக்கு கொண்டுவருகிறார்கள். எதிரெதிரே உட்கார்ந்துகொண்டு ஒருவர் சரக்கை ஒருவர் கண்ணால் எடை போடுகிறார்கள். ஆனால் கை நீட்டக் கூடாது. சந்தைப் பொறுப்பாளர் வரி வசூலித்து முடித்து விசில் ஊத வேண்டும். ஊதியதும் அத்தனை பெண்களும் ஒரே நேரத்தில் எழுந்தார்கள்.

கணக்கு ஆறு ஆறாகப் போகிறது. ஆறு கொண்டது ஒரு முங்கா. சித்தி ஒரு கருவாட்டுத் துண்டைத் தூக்கிக் காட்டினார். எதிரே இருந்த மலைக்காரப் பெண் அதைத் திருப்பிப் பார்த்துவிட்டு ஆறு மக்காச்சோளக் கதிரை எடுத்து வைத்தார். சித்தி பேசவே இல்லை, துண்டைத் திரும்பத் தட்டில் வைத்தார். இன்னும் ஆறு வந்தது. முடிந்தது வியாபாரம். பக்கத்திலேயே காசுக்குப் பிளாஸ்டிக் வாளியும் சட்டையும் விற்கும் கடைகள் இருந்தன. இந்தப் பெண்களுக்குக் காசு தெரியாது என்று யாரும் எண்ண வேண்டாம். கையில் காசில்லாத வாரத்திலும் இரண்டு பக்கமும் அடுப்பெரிய வேண்டும், அதற்காகத்தான் பண்டமாற்றைக் கைவிடாமல் வைத்திருக்கிறார்கள். சந்தை இல்லாத நாட்களில் தாம்பாளத்தோடு மலை ஊர்களுக்கே ஏறிப் போய், வழக்கமான வீடுகளில் மாற்றிக்கொண்டு இறங்குகிறார்கள். கரையிலும் மலையிலும் அந்த உறவைத் தாயிடமிருந்து மகள் வாங்கிக்கொள்கிறாள்.

அந்த மக்காச்சோளம் என்னவாகிறது என்பதையும் சொல்ல வேண்டும். மண்சட்டியில் எண்ணெயில்லாமல் வறுத்து, சூடு ஆறுமுன் வெறும் விரலால் ஒன்றிரண்டு மணியை எடுத்து, தட்டைக் கல்லில் வைத்து, இன்னொரு கல்லால் ஓங்கி ஒரே அடி. நம் அவல்போல் தட்டையாக வந்து விழும். ஜகுங் தித்தி என்பது அதன் பெயர். சித்தியின் விரல் நுனிகள் காய்ந்து மரத்துப்போயிருந்தன. நான் எடுத்துப் பார்த்தபோது சுட்டுவிட்டது. கருவாட்டோடு இதைத் தின்றுதான் ஆண்கள் கடலில் பகலைக் கழிக்கிறார்கள்.

இந்தியாவுக்கும் இந்தத் தீவுகளுக்கும் பழைய தொடர்பு உண்டு. யானையே இல்லாத லமஹோலோத் நாட்டில், பெண்ணுக்குப் பரிசமாக மாப்பிள்ளை வீட்டார் கொடுப்பது யானைத் தந்தம். நூற்றாண்டுகளுக்கு முன் கடல் வணிகத்தில் வந்து சேர்ந்த தந்தங்கள் இன்னும் குடும்பம் விட்டுக் குடும்பம் சுற்றுகின்றன. பெண் வீட்டார் பதிலுக்குக் கொடுப்பது, நூலைக் கட்டிச் சாயமேற்றி நெய்த சேலைத்துணி. கையால் நூற்ற பருத்தி, நுணா வேரின் சிவப்பு, அவுரியின் நீலம். அந்தத் துணிகளில் திருக்கையும் படகும் இருக்கின்றன. குஜராத்திலிருந்து வந்த பட்டோலாப் பட்டின் கோலமும் இருக்கிறது. அந்தப் பட்டோலாக்களைச் சில குலங்கள் இன்றும் பொக்கிஷமாக வைத்திருக்கின்றன. நூலோடு பிழைப்பு நடத்தியவன் என்பதால் அந்தத் துணியை விட்டு வர எனக்கு மனமே இல்லை.

"திமிங்கிலத்தைக் கொல்வது சரியா?" என்று கேட்பீர்கள். அந்தச் சாவு எளிதான சாவு அல்ல. மணிக்கணக்கில் நீளும், கடல் சிவக்கும். அதை அழகு என்று எழுதுபவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. ஆனால் 20-ஆம் நூற்றாண்டில் மட்டும் ஸ்பெர்ம் திமிங்கிலங்களில் ஏறத்தாழ 7,60,000-ஐக் கொன்றவை தொழிற்சாலைக் கப்பல்கள். அந்த இனம் குறைந்ததற்கான பழியை, நல்ல ஆண்டிலும் சில பத்துக்கு மேல் அரிதாகவே பிடிக்கும் இந்த ஊரின் தலையில் போடுவது அநியாயம். 1973-இல் ஐ.நா. உணவு வேளாண் அமைப்பு, வேட்டையை நவீனமாக்க நார்வே நாட்டு நிபுணர் ஒருவரை இங்கே அனுப்பியது. அந்த முயற்சி நிலைக்கவில்லை. ஊர் பழைய படகுக்கே திரும்பியது. 2009-இல் சவூ கடலைத் தேசியக் கடற்பூங்காவாக அறிவிக்க அரசு முனைந்தபோது இவர்கள் எதிர்த்து நின்றார்கள். லெம்பாட்டாவை ஒட்டிய கடல் பூங்காவுக்கு வெளியே விடப்பட்டது. இந்த எதிர்ப்பை நான் ஆதரிக்கிறேன்.

இவர்கள் பிடிக்கும் மந்தா என்ற பெரிய திருக்கை மீன் விஷயத்தில் அப்படிச் சொல்ல மாட்டேன். சீன மருந்துச் சந்தைக்காக அதன் செவுள் நல்ல விலைக்குப் போகத் தொடங்கியதும், மலைக்குப் போக வேண்டிய உணவு வெளியூர் வியாபாரிக்கான சரக்காக மாறியது. 2014-இல் இந்தோனேசிய அரசு மந்தாவுக்கு முழுப் பாதுகாப்பு அளித்தது. வயிற்றில் அடிக்கும் தடைதான், ஆனாலும் சரியான தடை. மெதுவாக, ஒரே ஒரு குட்டி ஈனும் இனம் அது. வெளிப்புற மோட்டார் வைத்த படகுகள் பெருகிவிட்டன, பெட்ரோலுக்குக் காசு வேண்டும், காசுக்கு விற்க வேண்டும். பங்கீட்டு விதிக்கு ஆபத்து இந்தப் பக்கமிருந்துதான் வருகிறது. இளைஞர்கள் பலர் மலேசியாவின் சபா தோட்டங்களுக்கும் ஜாவா நகரங்களுக்கும் போய்விடுகிறார்கள். என் நண்பரும் அப்படிப் போனவர்தான்.

போய்ப் பார்க்கலாம். மாகாணத் தலைநகர் குப்பாங்கிலிருந்து லெவோலெபாவுக்குச் சிறு விமானம் உண்டு, லாரந்துக்காவிலிருந்து படகும் உண்டு. லெவோலெபாவிலிருந்து லமலேராவுக்குத் தீவைக் குறுக்காகக் கடக்கும் சாலை, மலைப் பாதை என்பதால் பொறுமை வேண்டும். ஊரில் ஓட்டல் எதிர்பார்க்காதீர்கள், வீடுகளில் தங்க இடம் தருவார்கள், என்ன சமைத்தார்களோ அதுதான் சாப்பாடு. சைவ உணவு மட்டும் என்பவர்கள் மக்காச்சோளமும் வாழைப்பழமும் முருங்கைக் கீரையும் கொண்டு சமாளிக்கலாம். திமிங்கிலம் வரும் என்று நாள் குறித்துக்கொண்டு போகாதீர்கள். வாரக்கணக்கில் வராமலே போகும். ஞாயிற்றுக்கிழமை படகு இறங்காது. வெள்ளிக்கிழமை மாலைக்குள் போய்ச் சேர்ந்துவிட்டால், மறுநாள் விடியலில் தாம்பாளம் தூக்கிப் போகும் பெண்களோடு உலந்தோனி வரை நடக்கலாம். படம் எடுக்குமுன் அவர்களிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள்.