நண்டை மல்லாக்கப் போடுங்கள், விளிம்பு தெரியும்

கேள்வி: தேவிபட்டினம் பக்கத்துக் கடற்கரை ஊர் எங்களுடையது. கம்ப்யூட்டர் சயின்ஸ் கடைசி வருஷம் படிக்கிறேன். மாமா நண்டு கம்பெனி வைத்திருக்கிறார். வலையிலிருந்து வரும் நீலக்கால் நண்டைப் பெரிசு, நடுத்தரம், சிறுசு என்று கண்ணால் பார்த்துத்தான் பிரிக்கிறார்கள். இரண்டுக்கும் நடுவில் நிற்கும் நண்டு எந்தக் கூடைக்குப் போகும் என்பதில் தினமும் வாக்குவாதம். செல்போனில் படம் எடுத்து ஓட்டின் அகலத்தை அளந்துவிடலாம் என்று பைத்தானில், படங்களை அலசும் ஓப்பன்சிவி என்ற மென்பொருள் தொகுப்பை வைத்து ஒரு புரோகிராம் எழுதினேன். அதில் விளிம்பு கண்டுபிடிக்கும் கேனி முறைக்கு 100, 200 என்ற வரம்பு எண்களைக் கொடுத்தேன். முதுகுப் புள்ளி, டைல்ஸ் இடுக்கு, ஐஸ் துண்டு எல்லாமே கோடு கோடாக வருகின்றன. எண்ணைக் கூட்டினால் நண்டே காணாமல் போகிறது. எந்த எண்ணைக் கொடுக்க வேண்டும்? இல்லை, இதற்கு டீப் லேர்னிங் வேண்டுமா?

பதில்: தம்பி, அந்த இரண்டு எண்களையும் இப்போதைக்கு விட்டுவிடுங்கள். நண்டைத் திருப்பி, வயிறு மேலே தெரியும்படி, பளபளப்பில்லாத கறுப்பு விரிப்பில் போட்டு ஒரு படம் எடுங்கள். உங்கள் சிக்கலில் முக்கால்வாசி அங்கேயே தீர்ந்துவிடும். ஏன் என்று சொல்கிறேன். அது புரிந்தால் மீதிக் கால்வாசியை நீங்களே தீர்த்துக்கொள்வீர்கள்.

கம்ப்யூட்டருக்கு நண்டும் தெரியாது, டைல்ஸும் தெரியாது. அதன் கையில் இருப்பது படத்தின் ஒவ்வொரு புள்ளிக்கும், அதாவது பிக்சலுக்கும், ஒரு வெளிச்ச எண் மட்டும்: முழுக் கறுப்பு 0, முழு வெள்ளை 255. கறுப்பு விரிப்பிலிருந்து நண்டின் வெள்ளை வயிற்றுக்குள் போகும் ஒரே ஒரு வரிசையை எடுத்துப் பாருங்கள். அது இப்படி இருக்கும்: 38, 40, 41, 96, 183, 201, 203. விளிம்பு எங்கே? ஒவ்வொரு புள்ளிக்கும் வலப்பக்க எண்ணிலிருந்து இடப்பக்க எண்ணைக் கழியுங்கள். 40 இருக்கும் இடத்தில் 3 வருகிறது. 41-இல் 56, 96-இல் 142, 183-இல் 105, 201-இல் 20. ஏறி இறங்கும் இந்த எண்களின் உச்சி 142. அந்தப் புள்ளிதான் விளிம்பு. விளிம்பு கண்டுபிடிப்பது என்றால் அடிப்படையில் இவ்வளவுதான். பக்கத்துப் புள்ளிகளுக்கு இடையே வெளிச்சம் சட்டென்று எங்கே மாறுகிறது என்று பார்ப்பது.

1968-இல் ஸ்டான்ஃபோர்டில் இர்வின் சோபலும் கேரி ஃபெல்ட்மனும் முன்வைத்த முறை இந்தக் கழித்தலையே மூன்று வரிசையில் செய்கிறது. மேல் வரிசையின் விடை ஒரு பங்கு, நடு வரிசையின் விடை இரண்டு பங்கு, கீழ் வரிசையின் விடை ஒரு பங்கு, எல்லாவற்றையும் கூட்டு. ஒரு வரிசையில் இருக்கும் தூசி முடிவைக் கெடுக்காமல் இருக்க இந்த ஏற்பாடு. மூன்று வரிசையும் ஒரே மாதிரி இருந்தால் நம் 142 நான்கு மடங்காகி 568 ஆகிறது.

இங்கேதான் உங்கள் 100, 200 விஷயம் வருகிறது. 100 என்பது வெளிச்சத்தில் 100 படி வித்தியாசம் என்று பலர் நினைக்கிறார்கள். ஓப்பன்சிவியின் கேனி, நான்கு மடங்கான அந்தச் சோபல் விடையோடுதான் உங்கள் எண்ணை ஒப்பிடுகிறது. ஆக, நேரான ஒரு விளிம்பில் இடமும் வலமும் வெறும் 25 படி வித்தியாசம் இருந்தாலே 100-ஐத் தொட்டுவிடும். 200-க்கு 50 படி போதும். ஆண் நண்டின் நீல முதுகில் இருக்கும் வெள்ளைப் புள்ளி 25 படிக்குள் அடங்குமா? டைல்ஸ் இடுக்கு அடங்குமா? அதனால்தான் எல்லாம் கோடாகின்றன. எண்ணை ஏற்றினால் முதுகுப் புள்ளி போவதற்கு முன்பே, மங்கிய பச்சை முதுகோடு ஈரத் தரையில் கிடக்கும் பெண் நண்டின் விளிம்பு போய்விடும். உங்கள் படத்தில் வேண்டாத விளிம்பு வேண்டிய விளிம்பைவிட அழுத்தமாக இருக்கிறது. அப்படி இருக்கும்போது இரண்டையும் பிரிக்கும் எண் எங்கிருந்து வரும்?

ஜான் கேனி 1986-இல் எழுதிய கட்டுரையில் வந்த முறை இன்றும் நல்ல முறைதான், அதைக் குறை சொல்லவில்லை. உச்சியை மட்டும் வைத்துக்கொண்டு கோட்டை ஒரு பிக்சல் அகலத்துக்கு மெலிய வைக்கும். மேல் வரம்பை (உங்கள் 200) தாண்டிய புள்ளிகளை உறுதியாக எடுத்துக்கொண்டு, கீழ் வரம்பை (உங்கள் 100) மட்டும் தாண்டியவை அவற்றோடு தொட்டுக்கொண்டிருந்தால் சேர்த்துக்கொள்ளும். மேல் வரம்பு கீழ் வரம்பைப் போல இரண்டு அல்லது மூன்று மடங்கு இருந்தால் நல்லது. இன்னொன்றையும் கவனியுங்கள்: கேனி முறையில் முதலில் படத்தைக் கொஞ்சம் மழுக்க வேண்டும் என்று பாடத்தில் படித்திருப்பீர்கள். ஓப்பன்சிவியின் கேனி அந்த வேலையைத் தானாகச் செய்யாது. காஸியன் மழுக்கலை நீங்கள்தான் முன்னால் போட வேண்டும்.

படத்தை மாமா போனிலிருந்து உங்கள் லேப்டாப்புக்கு எப்படிக் கொண்டுவருகிறீர்கள்? வாட்ஸ்அப்பில் சாதாரணப் படமாக அனுப்பினால் அது சுருங்கி, மறுபடியும் ஜேபெக் அழுத்தத்துக்கு உள்ளாகும். ஜேபெக் 8-க்கு 8 பிக்சல் கட்டங்களாகப் பிரித்து அழுத்தும் முறை. அழுத்தம் கூடினால் அந்தக் கட்டங்களின் ஓரமே பொய் விளிம்பாக நிற்கும். டாக்குமென்டாக அனுப்புங்கள், அல்லது கேபிள் போட்டு எடுங்கள்.

சரி, நண்டுக்கு வருவோம். கேள்வி வந்த வாரம் நானும் சந்தையில் ஆறு நண்டு வாங்கி வந்து மேஜையில் பரப்பிப் பார்த்தேன். முதுகு மேலே இருக்கும்போது ஈர ஓட்டில் டியூப்லைட் அப்படியே வெள்ளைக் கோடாக மின்னியது. அதுவும் ஒரு விளிம்பு! நண்டைத் திருப்பிப் போட்டதும் புள்ளிகள் மறைந்தன. வயிறு வெளுப்பாக இருப்பதால் அதில் விழும் மினுக்கம் வெள்ளையோடு வெள்ளையாகப் போய்விட்டது. நீல ஆண், பச்சைப் பெண் என்ற வேறுபாடும் பெரும்பாலும் போயிற்று. இரண்டுக்கும் ஒரே எண் வேலை செய்தது. அப்புறம் ஒரு கூடுதல் லாபம்: வயிற்றில் மடிந்திருக்கும் மூடி ஆணுக்குக் குறுகலாகவும் பெண்ணுக்கு அகன்று வட்டமாகவும் இருக்கும். முட்டை சுமக்கும் சினை நண்டும் அதே படத்தில் தெரிந்துவிடும்.

விரிப்புக்குச் சொரசொரப்பான கறுப்பு ரப்பர் எடுங்கள். தண்ணீர் தேங்காமல் வடிய ஓட்டை இருந்தால் இன்னும் நல்லது, கழுவவும் சுலபம். பளபள பிளாஸ்டிக் தாள் வேண்டாம், அதன்மேல் நிற்கும் ஒவ்வொரு துளியும் ஒரு குட்டி விளக்காக மின்னும். விளக்கை கேமராவுக்குப் பக்கத்தில் வைக்காமல், இரண்டு பக்கமும் தாழ்வாகச் சாய்த்து வையுங்கள். மினுக்கம் எதிர்ப்பக்கம் ஓடிவிடும், லென்ஸுக்குள் வராது. கொட்டகை திறந்தவெளியாக இருந்தால் வெயில் விழும் பக்கம் ஒரு வெள்ளை வேட்டியைக் கட்டிவிட்டாலே போதும்.

விளிம்பு சரியாக வந்தபிறகும் அளவு தப்பாகும் ஓர் இடம் இருக்கிறது. இதைத்தான் யாரும் கவனிப்பதில்லை. ஸ்கேலை விரிப்பின்மேல் வைத்து, அதில் ஒரு சென்டிமீட்டருக்கு எத்தனை பிக்சல் என்று கணக்குப் போடுவீர்கள். நண்டின் அகலமான பாகமோ விரிப்புக்கு மேலே சுமார் 2 சென்டிமீட்டர் உயரத்தில் இருக்கும். கேமரா விரிப்பிலிருந்து 50 சென்டிமீட்டர் உயரத்தில் இருந்தால், அந்தப் பாகத்துக்கு அது 48 சென்டிமீட்டர்தான். பக்கத்தில் இருப்பது பெரிதாகத் தெரியும். 50-ஐ 48-ஆல் வகுத்தால் 1.04. அதாவது 12 சென்டிமீட்டர் நண்டு உங்கள் கணக்கில் 12.5 ஆகிவிடும். நடுத்தரம் பெரிசாகிவிட இது போதாதா? இதற்குத் தீர்வு சுலபம். கேமராவை ஒரு மீட்டர் உயரத்துக்கு ஏற்றுங்கள், பிழை பாதியாகும். ஸ்கேலையும் ஒரு கட்டைமேல், நண்டின் அந்த உயரத்துக்கு ஏற்றி வையுங்கள், மீதியும் போய்விடும். ஒரு மீட்டர் உயரத்திலிருந்து 4000 பிக்சல் அகலப் படம் எடுத்தால் சாதாரண செல்போனில் மில்லிமீட்டருக்கு சுமார் 3 பிக்சல் கிடைக்கும். இந்த வேலைக்கு அது தாராளம். நண்டு படத்தின் நடுவில் இருக்கட்டும், ஓரத்தில் லென்ஸ் வளைக்கும்.

இனி புரோகிராம். விரிப்புக்கு வெளியே இருப்பதையெல்லாம் முதலில் வெட்டிவிடுங்கள். படத்தைச் சாம்பல் நிறமாக்கி, 3-க்கு 3 அளவில் லேசாக மழுக்கி, ஓட்சு முறையில் இரண்டாகப் பிரியுங்கள். நோபுயுகி ஓட்சு 1979-இல் கொடுத்த முறை அது. எண்ணை நீங்கள் சொல்ல வேண்டியதில்லை, இருட்டுக் கூட்டத்தையும் வெளிச்சக் கூட்டத்தையும் பார்த்து அதுவே எல்லையை முடிவு செய்யும். நண்டு படத்தில் மிகச் சின்னதாக இருந்தால் ஓட்சு தடுமாறும், அதற்குத்தான் முதலில் வெட்டச் சொன்னது.

இப்போது வெள்ளையாக ஒரு நண்டு உருவம் கிடைத்திருக்கும். அதைச் சுற்றி ஒரு செவ்வகம் போட்டு அகலம் எடுத்துவிடலாம் என்று கை பரபரக்கும். செய்யாதீர்கள். அந்தச் செவ்வகம் அளப்பது கொடுக்குக்குக் கொடுக்கு. நமக்கு வேண்டியது ஓட்டின் இரண்டு பக்கமும் நீட்டிக்கொண்டிருக்கும் கடைசி நீள முள்ளின் நுனிக்கு நுனி. நீலக்கால் நண்டுக்குக் கண்ணிலிருந்து பக்கவாட்டில் ஒன்பது பற்கள்; ஒன்பதாவதுதான் அந்த முள்.

கால்களை நீக்க மார்ஃபாலஜி ஓப்பனிங் என்று படித்திருப்பீர்கள், உருவத்தின் மெல்லிய பாகங்களை அரித்து நீக்கும் முறை. கொடுக்கின் தடிமனைவிடப் பெரிய வட்டம் கொடுத்தால் கால், கொடுக்கு எல்லாம் உதிர்ந்து உடம்பு மட்டும் நிற்கும். ஆனால் முள்ளும் சேர்ந்து உதிர்ந்துவிடும். அது காலைவிட மெல்லியதல்லவா? அதனால் ஓப்பனிங் செய்த உருவத்தை அளக்கப் பயன்படுத்தாதீர்கள். உடம்பின் மையம் எங்கே, அது எந்தப் பக்கம் சாய்ந்து கிடக்கிறது என்ற இரண்டை மட்டும் அதிலிருந்து எடுங்கள். அந்தச் சாய்வுக்கு ஏற்ப மூலப்படத்தைத் திருப்பி நண்டை நேராக்குங்கள். அப்புறம் மையத்தையொட்டி, முள் இருக்கும் உயரத்துக்கு மட்டும், குறுகிய பட்டை ஒன்றை எடுங்கள். அந்தப் பட்டையின் ஒவ்வொரு வரிசையிலும் உடம்புக்குள்ளிருந்து வெளியே நடந்து போங்கள்: 203, 201, 183, 96, 41. வெளிச்சம் மிக வேகமாகக் குறையும் இடத்தில் நில்லுங்கள். எந்த வரிசையில் அதிக தூரம் போனீர்களோ, அதுதான் முள்ளின் நுனி. வலமும் இடமும் இதையே செய்யுங்கள். உள்ளிருந்து வெளியே நடப்பதால், தள்ளிக் கிடக்கும் கொடுக்கை நீங்கள் தொடவே மாட்டீர்கள். நடுவில் கறுப்பு வந்ததும் நின்றிருப்பீர்கள்.

இதற்கு ஒரு கைவேலை வேண்டும். நண்டைப் போடும்போது கொடுக்கு இரண்டையும் முன்பக்கம் இழுத்து, நடைக்கால்களைப் பின்பக்கம் தள்ளிவிட வேண்டும். அப்போதுதான் முள்ளைச் சுற்றிக் கறுப்பு தெரியும். பழகின கைக்கு இரண்டு விநாடி வேலை. மறந்துவிட்டால் கண்டுபிடிக்கவும் வழி உண்டு. மையத்திலிருந்து இடப்பக்க நுனியும் வலப்பக்க நுனியும் ஏறக்குறைய ஒரே தூரம் இருக்க வேண்டும். 5 சதவீதத்துக்கு மேல் வித்தியாசம் வந்தால் அளவைச் சொல்லாமல், மறுபடி வைக்கச் சொல்லுங்கள். முள் ஒடிந்த நண்டும் இதில் மாட்டும், அதைக் கையால் பார்த்துக்கொள்ளலாம்.

சோபலை நீங்களே ஓட்டினால் ஒரு பொறி இருக்கிறது. விடையை, 0 முதல் 255 வரை மட்டுமே பிடிக்கும் 8 பிட்டில் வாங்காதீர்கள். கறுப்பிலிருந்து வெள்ளைக்குப் போகும்போது கூட்டல் எண், வெள்ளையிலிருந்து கறுப்புக்கு வரும்போது கழித்தல் எண். 8 பிட்டில் கழித்தலுக்கு இடமில்லை, அது 0 ஆகிவிடும். நண்டின் ஒரு பக்க விளிம்பு மட்டும் மாயமாவதைப் பார்த்து நாள்கணக்கில் தலையைப் பிய்த்துக்கொண்ட பிள்ளைகளை எனக்குத் தெரியும். கழித்தல் எண்ணையும் பிடிக்கும் குறியுள்ள 16 பிட்டில் வாங்குங்கள்.

டீப் லேர்னிங் வேண்டுமா என்று கடிதத்தின் கடைசியில் கேட்டிருந்தீர்கள். ஒவ்வொரு நண்டாக விரிப்பில் வைக்க முடியும் என்றால் வேண்டாம். கூடையில் ஒன்றன்மேல் ஒன்றாகக் கிடக்கும் நண்டுகளை எண்ண வேண்டும் என்றால், இந்த விளிம்பு வேலை உதவாது, அது வேறு கதை. மாமாவிடம் இதையும் கேளுங்கள்: விலை அகலத்துக்கா, எடைக்கா? எடைக்கு மட்டும்தான் என்றால் ஒரு நல்ல டிஜிட்டல் தராசு இந்த வாக்குவாதத்தை உங்கள் புரோகிராமைவிடச் சீக்கிரம் தீர்க்கும்.

அகலம்தான் என்றால், கம்பெனியில் நாலு பேர் முன்னால் வைப்பதற்கு முன்பு ஒரு சோதனை செய்யுங்கள். முப்பது நண்டை வெர்னியர் காலிப்பரால் நுனிக்கு நுனி அளந்து எழுதிக்கொண்டு, அதே நண்டுகளைப் படத்திலும் அளந்து வித்தியாசத்தைப் பாருங்கள். எல்லாவற்றிலும் ஒரே அளவு குறைந்தால் பயமில்லை. முள் நுனி மழுங்கியதால் வரும் குறை அது, கூட்டிக்கொள்ளலாம். ஒன்றில் கூடி ஒன்றில் குறைந்தால் விளக்கையும் கால்களையும் மறுபடி பாருங்கள். அப்புறம் ஒரே நண்டை ஐந்து முறை எடுத்து எடுத்து வைத்து அளங்கள். ஐந்தும் 2 மில்லிமீட்டருக்குள் அடங்கினால், வலைக்காரர்களையும் பக்கத்தில் நிற்க வைத்து, ஸ்கிரீன் அவர்கள் பக்கம் தெரியும்படி ஆரம்பியுங்கள்.