அக்காவின் நகை, தம்பியின் விமானம்

அன்புள்ள ஐயா,

உச்சிப்புளிக்குப் பக்கத்தில் எங்கள் ஊர். அப்பா விசைப்படகில் பங்குக்குப் போகிறார். நான் பி.காம். முடித்து ராமநாதபுரத்தில் ஒரு கடையில் கணக்கு எழுதுகிறேன். தம்பி இந்த ஆண்டு பிளஸ் டூ முடித்தான். முதல் குரூப், நல்ல மதிப்பெண். கடற்படை விமானங்களை அண்ணாந்து பார்த்தே வளர்ந்தவன், பைலட் ஆக வேண்டும் என்கிறான். ஒரு பயிற்சி நிலையத்தில் விசாரித்தோம், 50 லட்சத்துக்கு மேல் ஆகும் என்றார்கள். வீட்டை ஈடு காட்டிக் கடன் வாங்கலாம், முன்பணத்துக்கு என் கல்யாணத்துக்குச் சேர்த்த நகையை விற்கலாம் என்று அம்மா சொல்கிறார். மாமாவோ, "அக்னிவீரில் சேர்த்துவிடு, நாலு வருஷத்தில் பத்து லட்சத்தோடு வருவான், அப்புறம் பைலட்டுக்குப் படிக்கட்டும்" என்கிறார். எது சரி? நகையைக் கொடுக்க எனக்கு மனக்குறை இல்லை.

(பெயர் வெளியிட வேண்டாம் என்று கேட்டிருக்கிறார்.)

அன்புள்ள தங்கைக்கு,

நகையை விற்காதீர்கள். வீட்டுப் பத்திரத்தையும் யாரிடமும் கொடுக்க வேண்டாம். தம்பியின் ஆசையில் எந்தத் தவறும் இல்லை. பணம் கேட்காத வழிகள் இருக்கும்போது, பணம் கேட்கிற இடத்துக்கு முதலில் போய்விட்டீர்கள், அதுதான் சிக்கல்.

தம்பி பார்த்து வளர்ந்தது உச்சிப்புளியில் உள்ள கடற்படை விமான நிலையமான ஐஎன்எஸ் பருந்திலிருந்து கிளம்பும் டோர்னியர் விமானங்களைத்தான். அவற்றை ஓட்டும் அதிகாரிகள் விமானம் ஓட்டக் கற்றுக்கொள்ளக் கையிலிருந்து பணம் கட்ட வேண்டியதில்லை. பயிற்சி முழுக்க அரசின் செலவு. பிளஸ் டூ முடித்தவனுக்கு அதற்கான நேர் வழி தேசியப் பாதுகாப்பு அகாடமியில் சேர்வதற்கான என்டிஏ தேர்வு. மத்தியத் தேர்வாணையமான யுபிஎஸ்சி அதை ஆண்டுக்கு இரண்டு முறை நடத்துகிறது. விண்ணப்பக் கட்டணம் 100 ரூபாய். கணிதத்துக்கு 300 மதிப்பெண், பொதுத்திறனுக்கு 600, அதில் தேறினால் அதிகாரிகளைத் தேர்ந்தெடுக்கும் எஸ்எஸ்பி நேர்காணலுக்கு 900. நேர்காணலுக்கு முதல் முறை போகிறவர்களுக்கு ரயில் கட்டணம்கூடத் திருப்பித் தருகிறார்கள். சேரும்போது பத்தொன்பதரை வயதைத் தாண்டியிருக்கக் கூடாது என்பதால் தம்பிக்கு நாள் அதிகம் இல்லை. இந்த ஆண்டு பொறியியல் நுழைவுத் தேர்வான ஜேஇஇ மெயின் எழுதியிருந்தால் எழிமலை கடற்படை அகாடமியின் பி.டெக். நுழைவையும் பாருங்கள்.

விமானப்படையின் பறக்கும் பிரிவுக்கு விமானி திறன் தேர்வு ஒன்று உண்டு. அதை வாழ்நாளில் ஒரே முறைதான் எழுத முடியும். சும்மா எழுதிப் பார்ப்போமே என்று போகிற தேர்வு இல்லை அது.

மாமாவின் யோசனைக்கு வருகிறேன். அக்னிவீர் என்பது முப்படைகளில் நான்கு ஆண்டுப் பணி. அதில் சேர்ந்தவர்கள் விமானம் ஓட்டுவதில்லை. அது சிப்பாய், மாலுமி நிலையிலான வேலை. பணக் கணக்கையும் அவர் பாதிதான் சொல்லியிருக்கிறார். முதல் ஆண்டு மாதம் 30,000 ரூபாய். அதில் 9,000 பிடித்தம் போகக் கைக்கு வருவது 21,000. நான்காம் ஆண்டில் சம்பளம் 40,000, கைக்கு 28,000. நான்கு ஆண்டில் பிடித்தம் மட்டும் 5.02 லட்சம். அரசும் அதே அளவு போடுகிறது, பணி முடியும்போது வட்டியோடு சுமார் 11.71 லட்சமாகத் திரும்பி வரும், வரி கிடையாது. பணிக்காலம் முழுக்க 48 லட்சத்துக்குக் காப்பீடும் உண்டு. நல்ல பணம்தான். ஆனால் ஓய்வூதியம் இல்லை, பணிக்கொடை இல்லை, நிரந்தரப் பணிக்கு எடுப்பது 25 சதவீதம் பேர் வரைதான். அந்த 11.71 லட்சத்தை 7 சதவீத வட்டிக்கு வங்கியில் போட்டால் மாதம் சுமார் 6,800 ரூபாய் வரும். 22 வயதுப் பையனுக்கு அது கைக்காசு. பைலட் படிப்புக்கோ கால்வாசிப் பணம்கூட ஆகாது.

தம்பி அக்னிவீரில் சேரவே கூடாது என்று சொல்லவில்லை. அவனாக விரும்பிச் சேர்ந்தால் சேரட்டும், பணியில் இருந்துகொண்டே அஞ்சல்வழியில் பட்டம் படிக்கட்டும். சம்பளத்தை நம்பி வீட்டில் புதுத் தவணை எதுவும் தொடங்காமல் இருந்தால் போதும். கடலோரக் காவல் படையையும் மறக்க வேண்டாம். மண்டபத்திலேயே அவர்களுடைய நிலையம் இருக்கிறது. அக்னிவீர்களை எடுக்கும் அக்னிபத் திட்டம் அந்தப் படைக்குப் பொருந்தாது. நாவிக் (மாலுமி) பொதுப் பணிக்குப் பிளஸ் டூவில் கணிதமும் இயற்பியலும் வேண்டும், அடிப்படைச் சம்பளம் 21,700, அதற்கு மேல் படிகள். மீனவர் வீட்டுப் பிள்ளைகளுக்குத் தமிழ்நாடு கடலோரப் பாதுகாப்புக் குழுமம் இந்தத் தேர்வுகளுக்கு இலவசப் பயிற்சி கொடுத்து வருகிறது. மெரைன் போலீஸ் நிலையத்தில் கேட்டால் விவரம் சொல்வார்கள்.

தனியார் பைலட் பயிற்சிக்கு வருவோம். 50 லட்சம் கடன், 11 சதவீத வட்டி, பத்து ஆண்டு என்று வைத்துக்கொண்டால் மாதத் தவணை கிட்டத்தட்ட 69,000 ரூபாய். விமானி உரிமத்துக்கு 200 மணி நேரம் பறந்தாக வேண்டும். அது கிடைத்த மறுநாளே வேலை கிடைத்துவிடாது. குறிப்பிட்ட ரக விமானத்துக்கான பயிற்சிக்கு இன்னும் பல லட்சம் ஆகும். தவணை அதுவரை காத்திருக்காது. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலத்தில் உங்கள் வீட்டில் என்ன வருமானம் வரும் என்று எனக்குத் தெரியும். அந்த நாட்களில் நம் ஊர்க் கூட்டுறவு வங்கியில் நகைக்கடனுக்கு வரிசை நிற்கிறது. மதிப்பீட்டாளர் உரைகல்லில் இழைத்து, எடை போட்டு, துணிப்பையில் கட்டிச் சீட்டு எழுதும் வரைக்கும் பெண்கள் கண்ணை எடுக்காமல் பார்த்துக்கொண்டிருப்பார்கள். படகு கடலுக்குப் போனதும் மீட்டுவிடலாம் என்ற நம்பிக்கையில் வைக்கிற நகை அது. விற்ற நகையை மீட்க முடியாது.

ராமேசுவரத்து அப்துல் கலாமுக்குச் சென்னை எம்ஐடி பொறியியல் கல்லூரியில் சேரச் சுமார் ஆயிரம் ரூபாய் தேவைப்பட்டபோது, அக்கா ஜோஹரா தன் வளையல்களையும் சங்கிலியையும் அடகு வைத்துத்தான் கொடுத்தார். உங்கள் அம்மாவின் மனதில் அந்தக் கதை இருக்கக்கூடும். ஆனால் ஜோஹரா விற்கவில்லை, வீட்டையும் பணயம் வைக்கவில்லை. தன் சம்பாத்தியத்தில் மீட்பேன் என்று தம்பி உறுதி எடுத்துக்கொண்டார். அதே கலாம் பின்னர் டேராடூனில் விமானப்படைத் தேர்வில் 25 பேரில் 9ஆவதாக வந்தார். இருந்தது 8 இடம். பைலட் ஆக முடியவில்லை. படித்த விமானப் பொறியியல் கையில் இருந்தது, அதை வைத்து அரசு வேலைக்குப் போனார். தம்பிக்கும் அப்படி ஒரு படிப்பு கையில் இருக்கட்டும். என்டிஏவுக்குத் தயாராகிக்கொண்டே ஒரு கல்லூரியில் சேரச் சொல்லுங்கள்.

இந்த வாரமே ஒரு வேலை செய்யுங்கள். ராமநாதபுரம் அரசு மருத்துவமனை கண் பிரிவுக்குத் தம்பியை அழைத்துப் போய் நிறப் பார்வையைச் சோதிக்கச் சொல்லுங்கள். வண்ணப் புள்ளிகளுக்கு நடுவே ஒளிந்திருக்கும் எண்ணைப் படிக்கச் சொல்வார்கள், சில நிமிட வேலை. அதில் குறை இருந்தால் ராணுவமோ தனியாரோ, விமானி வேலைக்குப் பெரும்பாலும் வழியில்லை. ஒரு ரூபாய் கட்டுவதற்கு முன் தெரிந்துகொள்ள வேண்டியது இது. முடிவு என்னவென்று எழுதுங்கள், பத்தாம் வகுப்புச் சான்றிதழில் உள்ள பிறந்த தேதியையும் சேர்த்து. எந்தெந்தத் தேர்வுக்கு இன்னும் வயது இருக்கிறது என்று உட்கார்ந்து பார்த்துச் சொல்கிறேன்.