கனமகிமை (கடிதமும் பதிலும்)

அன்புள்ள அண்ணன்,

பாறசாலைப் பக்கம் ஒரு சபையில் பாட்டுக்குழுவை நடத்துகிறேன். சபையில் பாதிப்பேர் கையில் தமிழ் வேதாகமம், மீதிப்பேர் கையில் மலையாளம். 'மகிமை' என்று பாடி, கீபோர்டும் கூடவே ஏறும்போது எல்லாருக்கும் கண் நிறைந்துவிடும். போன ஞாயிறு பாதிப் பாட்டில் கரண்ட் போனது. சத்தம் நின்றதும் அந்த உணர்வும் நின்றுவிட்டது. அப்படியென்றால் இத்தனை நாள் நாங்கள் உணர்ந்தது தேவமகிமைதானா? தேவனுக்கு முன்னால் நடுங்குவது என்று வேதம் சொல்வது என்ன? ஆராதனையில் அதற்கு எப்படி இடம் கொடுப்பது?

ஒரு வாசகி

அன்புள்ள சகோதரி,

சபையில் இரண்டு மொழி வேதாகமம் இருப்பது பெரிய வசதி. யோவான் 1:14ஐ இரண்டிலும் திறந்து பாருங்கள். தமிழில் 'மகிமை', மலையாளம் சத்தியவேதபுஸ்தகத்தில் 'தேஜஸ்'. பக்கத்தில் கத்தோலிக்க வீடு இருந்தால் அவர்களுடைய தமிழ் பொது மொழிபெயர்ப்பில் 'மாட்சி' என்றிருக்கும். தேஜஸ் என்றதும் மனம் வெளிச்சத்துக்குப் போகும். ஆனால் பழைய ஏற்பாட்டில் இதற்கு இருக்கும் எபிரெயச் சொல் 'காபோத்'. அதன் வேர் எடை, பாரம். தன் நாவு மந்தமானது என்று மோசே சொல்லும் இடத்திலும் (யாத்திராகமம் 4:10) அந்த வேர்தான் இருக்கிறது. தகப்பனையும் தாயையும் 'கனம்பண்ணுவாயாக' என்ற கட்டளையிலும் அதுவேதான். நம்முடைய 'கனம்' எடையையும் மரியாதையையும் சேர்த்தே சொல்லிவிடுகிறது பாருங்கள். 2 கொரிந்தியர் 4:17இல் நம் வேதாகமம் 'நித்திய கனமகிமை' என்கிறது, மலையாளம் 'தேஜஸ்ஸின்றெ நித்யகனம்' என்கிறது. மகிமையைக் கண்டவர்கள் ஏன் விழுந்தார்கள் என்பது இந்த எடையை நினைத்தால்தான் புரியும்.

லூக்கா 5ஐ எடுத்துக்கொள்ளுங்கள். பொழியூரிலோ நீரோடியிலோ கடலுக்குப் போகிற யாரிடமாவது அதை வாசித்துக் காட்டுங்கள், நம்மைவிட நன்றாக விளக்குவார்கள். இரவு முழுவதும் வலை போட்டு ஒன்றும் கிடைக்காத இடத்தில் பகலில் மீன் விழுகிறது. வலை கிழிகிறது, இரண்டு வள்ளமும் நிறைந்து அமிழப் போகிறது. பேதுரு அந்தக் கடலை அறிந்தவர், அதனால்தான் இது தன் தொழிலுக்குள் அடங்காத காரியம் என்று அவருக்குத் தெரிந்துவிட்டது. அவர் துள்ளிக் குதிக்கவில்லை. இயேசுவின் முழங்காலில் விழுந்து, நான் பாவி, என்னைவிட்டுப் போய்விடும் என்றார். இயேசு போகவில்லை. பயப்படாதே என்றார், உடனே வேலையும் கொடுத்தார்.

இதே வரிசை ஏசாயா 6இலும் இருக்கிறது. உசியா ராஜா இறந்த வருஷம் ஏசாயா தீர்க்கதரிசி ஆண்டவரைச் சிங்காசனத்தில் காண்கிறார். மேலே நிற்கும் தூதர்களான சேராபீன்களுக்கு ஆறு செட்டைகள். இரண்டால் முகத்தை மூடுகிறார்கள், இரண்டால் காலை மூடுகிறார்கள், மீதி இரண்டால்தான் பறக்கிறார்கள். பாவமே இல்லாதவர்கள்கூட ஆறில் நான்கை மறைத்துக்கொள்ளவே வைத்திருக்கிறார்கள். வாசல்நிலைகள் அசைகின்றன, ஆலயம் புகையால் நிறைகிறது. ஏசாயா 'ஐயோ! அதமானேன்' என்கிறார். அங்கே இருக்கும் எபிரெயச் சொல்லை 'அழிந்தேன்' என்றும் எடுக்கலாம், 'வாயடைத்துப்போனேன்' என்றும் எடுக்கலாம். வுல்காத்தா என்ற பழைய லத்தீன் வேதாகமம் 'மௌனமாயிருந்தேன்' என்றே மொழிபெயர்த்தது. ஏசாயாவுக்கு உறுத்தியதும் தன் அசுத்த உதடுதான், சேராபீன் பலிபீடத்திலிருந்து கொண்டுவந்த தழல் தொட்டதும் உதட்டைத்தான். அதன் பிறகே 'என்னை அனுப்பும்' என்று பேச முடிகிறது.

உங்கள் கண்ணீர் பொய் என்று நான் சொல்லமாட்டேன். இசை மனதை இளக்கும், இசையைத் தேவன் கொடுத்ததே அதற்கும் சேர்த்துத்தான். ஆனால் இசை செய்ததை இசை செய்தது என்றே சொல்ல வேண்டும். நெகேமியா 8இல் வேதம் கேட்டு ஜனம் அழுதபோது, அழவேண்டாம், போய்ச் சாப்பிடுங்கள், இல்லாதவர்களுக்கும் பங்கு அனுப்புங்கள் என்றுதான் சொன்னார்கள். கண்ணீரை வைத்து யாரும் அங்கே அளவெடுக்கவில்லை.

இனி ஆராதனைக்கு வருவோம். ஏசாயா 6:1 முதல் 8 வரை ஒரேயடியாக வாசிக்கக் கொடுக்காதீர்கள். 4ஆம் வசனத்தில் நிறுத்துங்கள், அமைதி. பிறகு 5ஆம் வசனம், உடனே பாவ அறிக்கை. பிறகு 6, 7, அதற்குப் பின்னால் பாவமன்னிப்பின் வாக்கைப் போதகர் சொல்லட்டும். 8ஆம் வசனம் அனுப்புதலுக்கு. பாவ அறிக்கையை ஆரம்பத்திலேயே வேகமாக முடித்துவிட்டால், எதற்கு முன்னால் நிற்கிறோம் என்று தெரியாமலே மன்னிப்பு கேட்டதாகிவிடும்.

வாசிப்பவருக்குச் சனிக்கிழமையே கொடுத்துவிடுங்கள். 2ஆம் வசனமும் 3ஆம் வசனமும் ஒரே வாக்கியம். 'பறந்து' என்ற இடத்தில் மூச்செடுக்காவிட்டால் 'பரிசுத்தர்' மூன்றாவது முறை வரும்போது குரல் உள்ளே போய்விடும். வசனத்துக்கு வசனம் மலையாளமும் மாற்றி மாற்றி வாசிக்க வேண்டாம், காட்சி உடைந்துபோகும். ஒரு ஞாயிறு முழுக்கத் தமிழ், அடுத்த ஞாயிறு முழுக்க மலையாளம் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

அமைதி முதலில் 30 விநாடி போதும், ஒரு மாதம் கழித்து 2 நிமிடம். கெடுவது எப்போதும் இங்கேதான். கீபோர்டுக்காரர் ஒரு ஸ்வரத்தைப் பிடித்தபடி இருப்பார், கை எடுத்துவிடச் சொல்லுங்கள். யாராவது பயந்துபோய் 'ஸ்தோத்திரம்' என்று தொடங்குவார்கள், நடத்துபவரும் 'இப்போது அமைதியாக இருப்போம்' என்று விளக்கிக்கொண்டே போவார். இரண்டும் கூச்சத்தால் வருவது, மூன்று நான்கு வாரத்தில் குறையும். மைக்கையும் அணைத்துவிடுங்கள், ஸ்பீக்கரின் இரைச்சலே ஒரு சத்தம்தான்.

அமைதி முடிந்ததும் பெரிய பாட்டை எடுக்காதீர்கள். எல்லாருக்கும் மனப்பாடமான ஒரு சங்கீதத்தைத் தாழ்ந்த சுருதியில், வாத்தியம் இல்லாமல் தொடங்குங்கள். கரண்ட் போனாலும் அது நிற்காது.