காதல் இல்லை என்று சாதிக்கும் காதல் பாட்டு

கேள்வி: 10சிசி என்ற பிரிட்டிஷ் பாப் குழுவின் ‘ஐம் நாட் இன் லவ்’ பாட்டில் பின்னணியில் மிதக்கும் ‘ஆ...’ எந்தக் கீபோர்டில் வாசித்தது?

பதில்: கீபோர்டு இல்லை, அத்தனையும் தொண்டை. இங்கிலாந்தில் ஸ்டாக்போர்ட் ஊரின் ஸ்ட்ராபெரி ஸ்டூடியோவில் முதலில் இதைப் பிரேசிலின் போசா நோவா தாளத்தில் பதிந்தார்கள். குழுவின் டிரம்மர் கெவின் காட்லிக்குப் பிடிக்காமல் போக, டேப்பையே அழித்தார்கள். ஆனால் ஸ்டூடியோ ஊழியர்கள் மெட்டை முணுமுணுத்துக்கொண்டே இருந்ததால் மறுபடி எடுத்தார்கள். குரலாலேயே நிரப்பலாம் என்றவரும் அதே காட்லிதான்.

குழுவின் நால்வரில் மூன்று பேர் மைக்கைச் சுற்றி நின்று ஒரே சுரத்தை 16 முறை பாட, சுரத்துக்கு 48 குரல். இப்படி 12 சுரஸ்தானங்களுக்கும் பாடி முடிக்க மூன்று வாரம் பிடித்தது. ஒவ்வொன்றையும் சுமார் 12 அடி டேப் வளையமாக ஒட்டி, ரெக்கார்டருக்கும் மைக் ஸ்டாண்டின் உச்சியில் மாட்டிய உருளைக்கும் இடையே தொய்வில்லாமல் சுற்றவிட்டார்கள். தொல்லை ஒட்டில்தான்: அது டேப்பை வாசிக்கும் ஹெட்டைக் கடக்கும்போதெல்லாம் ‘டிக்’ என்னும். வளையம் நீளமானால் டிக் அரிதாகும்; எல்லா ஒட்டும் ஒரே சமயத்தில் வராவிட்டால் மற்றக் குரல்களில் அமுங்கிவிடும்.

பிறகு மிக்சிங் மேஜையே வாத்தியம். நால்வரும் ஆளுக்குச் சில ஃபேடர்களை (ஒவ்வொன்றும் ஒரு சுரத்தின் சத்தத்தைக் கூட்டிக் குறைக்கும் நழுவுவிசை) ஏற்றி இறக்கி ‘வாசித்தார்கள்’. ஃபேடர் முழுக்க இறங்காதபடி அடியில் ஒட்டுநாடா ஒட்டியிருந்தது. அதனால் 12 சுரமும் பாட்டு நெடுக லேசாகக் கசிகின்றன. தம்புராவில் வேண்டிய சுரத்துக்கு மட்டும் தந்தி கூட்டுவார்கள். இங்கே வேண்டாததும் சேர்ந்து இழைகிறது. மயக்கமே அந்த மூட்டத்தில்தான்.

கேள்வி: காதல் இல்லை என்கிற பாட்டு எப்படிக் காதல் பாட்டானது?

பதில்: “‘ஐ லவ் யூ’ என்று அடிக்கடி சொல்வதில்லையே” என்று மனைவி குறைப்பட்டதில், குழுவின் பாடகர் எரிக் ஸ்டூவர்ட்டுக்குப் பிறந்த பாட்டு. சும்மா சும்மா சொன்னால் சொல் தேய்ந்துவிடும் என்பது அவர் கட்சி. ‘உன் படத்தைச் சுவரில் மாட்டியிருப்பது கறையை மறைக்கத்தான்’ என்கிறான் பாடுகிறவன். யார் நம்புவார்? நடுவில் ஒரு பெண் குரல், பெரிய பையன்கள் அழமாட்டார்கள் என்று கிசுகிசுக்கிறது. அது ஸ்டூடியோ வரவேற்பாளரின் குரல். 1975-இல் பிரிட்டனில் முதலிடம், அமெரிக்காவில் இரண்டாமிடம்.

கேள்வி: வீட்டுக் கணினியில் இதைச் செய்ய முடியுமா?

பதில்: முடியும். ஒரே பதிவை 16 தடவை ஒட்டாதீர்கள். சத்தம்தான் கூடும், கூட்டம் வராது. ஒவ்வொரு முறையும் புதிதாக, கமகமில்லாமல் பாடுங்கள். ஒரு சுரத்தை 9 நொடி, அடுத்ததை 11 நொடி என நீளம் மாற்றி லூப் செய்யுங்கள். இணைப்பில் அரை நொடி கிராஸ்ஃபேட் (முடிவு தேயத் தேயத் தொடக்கம் எழுவது) போதும்.