ஃபிளேஞ்ச் வெட்டுக்கு ரேட்: முடிஞ்ச எடையில போடாதீங்க

ஃபிளேஞ்ச் (குழாய்களை போல்ட் போட்டு இணைக்கிற வளையத் தகடு) வெட்டிக் கொடுத்தா காசு நிக்கலைன்னு கேட்டிருந்தீங்க. முடிஞ்ச பீஸை எடை போட்டு ரேட் சொல்றதுதான் கையைக் கடிக்குது. தகட்டில் அது அடைக்கிற சதுரத்துக்குக் காசு வாங்கணும்.

நீங்க சொன்ன 10 மி.மீ எம்.எஸ் (மைல்டு ஸ்டீல்) ஃபிளேஞ்சையே எடுங்க: வெளிவட்ட விட்டம் 200 மி.மீ, உள்வட்ட விட்டம் 100 மி.மீ, 18 மி.மீ ஓட்டை நாலு. முடிஞ்ச எடை 1.77 கிலோ. பீஸுக்குப் பீஸ் 8 மி.மீ விட்டா தகட்டில் போறது 208 × 208 மி.மீ, அதாவது 3.4 கிலோ (இந்தத் தகடு சதுர மீட்டருக்கு 78.5 கிலோ). மிச்சம் ஒன்றரை கிலோ சொச்சம் ஸ்கிராப் விலைக்குத்தான் போகும்.

வெட்டுக்கூலி தனி. வெட்டு நீளம் 1.17 மீட்டர், துளைப்பு (வெட்டைத் தொடங்க தகட்டைக் குத்துறது) ஆறு: ஓட்டைக்கு நாலு, உள்வட்டத்துக்கு ஒண்ணு, வெளிவட்டத்துக்கு ஒண்ணு. பிளாஸ்மா கட்டிங்கில் ஒவ்வொரு ஸ்டார்ட்டும் டார்ச்சுக்குள்ள இருக்கிற எலக்ட்ரோடைத் தின்னும். அதனால துளைப்பை மீட்டர் ரேட்டோட கரைச்சிடாம எண்ணிக்கைக்குப் போடுங்க.

சந்தேகம்னா, போன ஆர்டருக்கு எடுத்த தகட்டு எடையைக் கொடுத்த பீஸ்களோட மொத்த எடையால வகுத்துப் பாருங்க. 1.9 பக்கம் வந்தா காசு ஒழுகுறது அங்கதான்.

நடுவில் விழுற வட்டத் துண்டோட விலையைக் கழிச்சுக்கலாம், வாங்க ஆள் இருந்தா மட்டும். பார்ட்டியே தகடு கொண்டுவந்தா கூலி மட்டும்தான். மிச்சத் துண்டு யாருக்குன்னு வெட்டுறதுக்கு முன்னாடியே பேசிடுங்க.